ரத்தான டிக்கெட்டும் கிரெடிட் ஷெல்லும்

விமான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் முழுசாக வருமா? தில்லியில் குப்பை கொட்டும் நம் மக்கள் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் கேட்பது. இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் குடும்பத்தோடு பறக்க ஆரம்பித்தோம். மலிவு டிக்கெட் பெருகப் பெருக, ரத்துக் கட்டணம் டிக்கெட் விலையையே விழுங்குவதும் பழகிப்போனது. 2016 ஆகஸ்டில் டிஜிசிஏ கடிவாளம் போட்டது. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. சலுகை டிக்கெட்டானாலும் வரிகளைத் திருப்பித் தரணும்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே பறக்கவில்லை. ரத்து செய்தது நாமில்லை, ஆனாலும் பணத்துக்குப் பதிலாக கிரெடிட் ஷெல் என்று ஒன்றை நீட்டினார்கள். பிறகு எப்போதாவது அதே கம்பெனியில் பறந்து கழித்துக்கொள்ளலாமாம். என்னுடைய நாலு டிக்கெட்டுக்கும் அதுதான் கிடைத்தது. பாதிச் சம்பளம் வந்த மாதத்தில் வீட்டு ஓனரிடம் கிரெடிட் ஷெல்லையா கொடுக்க முடியும்?

பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. அக்டோபர் 1-ம் தேதி தீர்ப்பு. ஊரடங்கின்போது பதிந்த, மே 24 வரையிலான பயணங்களுக்கு உடனே முழுப் பணம். அதற்கு முன்பே பதிந்திருந்தால் 15 நாளில். கையில் காசில்லாத கம்பெனி 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல் தரலாம். ஆனால் மாதம் 0.5%, 2020 ஜூலை முதல் 0.75% கூட்டித் தரணும். அதை வேறொருவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். அதற்குள் பயன்படுத்தாவிட்டால் பணமாகவே திருப்பித் தரணும். ஏஜெண்டிடம் எடுத்த டிக்கெட் என்றால் பணம் அவர் வழியாகத்தான் வரும், அவரும் தாமதிக்கக் கூடாது.