கோணமலையில் மயிலையின் நினைவு

திருமயிலையில் பூம்பாவையை எழுப்பியருளிய ஆளுடைய பிள்ளையார் ஈழத்திற்குக் கடல் கடந்து சென்றாரல்லர். இராமேச்சுரத்தில் எழுந்தருளியிருந்தபோது, அங்கிருந்தே திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பதிகம் பாடினார் என்பது சேக்கிழார் பெருமான் வாக்கு. சுந்தரமூர்த்தி நாயனாரும் அக்கரையில் நின்றே கேதீச்சரத்தைப் பாடினார். ஈழத்தில் பாடல் பெற்ற தலங்கள் இவ்விரண்டே. நாயன்மார் எண்ணத்தால் சென்ற அவ்விடங்களுக்கு இன்று மயிலை அடியார்கள் விமானம் ஏறிச் சென்று வருகின்றனர்.

திருக்கோணமலைக் குன்றின்மேல் உறையும் கோணேசப் பெருமானையும் மாதுமை அம்மையையும் தரிசிக்க வேண்டுமாயின் ஒரு கோட்டை வாயிலைக் கடந்தே செல்லுதல் வேண்டும். அவ்வாயிலின் நிலைக்கல்லில் இரு கயல்களின் வடிவமும், சிதைந்த தமிழெழுத்துக்களும் காணப்படும். பறங்கியர் கோயிலை அழிப்பர் எனக் குளக்கோட்டன் முன்னரே உரைத்ததாகச் சொல்லப்படும் செய்தி அவ்வெழுத்துக்களில் உள்ளது. அக்கல் கோயிற் கல். அக்கோட்டையோ 1620-களில் கோயிலை இடித்த போர்த்துக்கீசியர் அதன் கற்களைக் கொண்டு எடுத்தது. வழிநெடுகப் புள்ளிமான்கள் மேய்வதைக் கண்டு மகிழ்ந்து, இக்கல்லை நோக்காது போவோரே பலர்.

மயிலையார்க்கு இக்காட்சி புதிதன்று. கபாலீச்சரமும் ஒருகாலத்தில் கடற்கரையிலேயே விளங்கிற்று. அதுவும் அதே பறங்கியர் காலத்தில் அழிவுற்றது. இன்று நாம் வழிபடும் கோயில் அதன்பின் உள்ளே தள்ளி எழுந்ததாகும். பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியிற் கிடைத்துள்ளன. அருணகிரிநாதர் கடலருகே சூழ்ந்த மயிலையையும் பாடினார், திருக்கோணமலையையும் பாடினார். இரு கோயில்களும் அழியுமுன் பாடிய அவர் திருப்புகழே நமக்குச் சான்று.

ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. மயிலையில் கோயில் இடம் மாறியது. கோணமலையிலோ பெருமானே இடம் மாறினார். அடியார்கள் மறைத்துக் காத்த திருமேனிகளுக்குத் தம்பலகாமத்து வயல்களிடையே ஆதி கோணநாயகர் கோயில் எழுந்தது. குன்றின்மேல் கோயிலின்றி நூற்றாண்டுகள் சென்றன. அக்காலத்தும் மக்கள் பாறையின் உச்சியில் நின்று கடலை நோக்கி மலரும் தேங்காயும் இட்டு வழிபட்டனர் என்பது சைவர் மறவாது போற்றத்தக்கது. சுவரின்றி, விமானமின்றி வழிபாடு மட்டும் நின்றது!

1950-இல் நிலத்தைத் தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் குன்றின் அடியில் கடலுள் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். சைவப் பெருமக்கள் பொருள் திரட்டிப் பழைய குன்றின் மீதே மீண்டும் கோயில் எடுக்க, 1963-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

திருக்கேதீச்சரத்தின் வரலாறும் இத்தகையதே. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன. பாலாவிக் கரையில் புதையுண்டு கிடந்த அக்கோயிலை எடுப்பிக்குமாறு 1872-இல் ஆறுமுக நாவலர் வேண்டுகோள் விடுத்தார். படிப்படியாக எழுந்த திருக்கோயில், இந்திய அரசின் உதவியோடு கருங்கற்றிருப்பணி நிறைவுற்று, 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது.

கோணமலையில் மாலைப் பூசை முடிந்து இறங்குவோர் மீண்டும் அக்கோட்டை வாயில் வழியாகவே வருதல் வேண்டும். கயல் பொறித்த கல் இன்னும் அங்கேயே நிற்கின்றது.