ஆல் பிளாக்ஸின் தென்னாப்பிரிக்கப் பயணம், 1928: அணித் தேர்வுச் சர்ச்சைகள்

நியூசிலாந்து ரக்பி அணியான ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்காவில் மேற்கொண்ட முதல் சுற்றுப்பயணம். மாரிஸ் பிரவுன்லி தலைமையில் ஆடிய நான்கு டெஸ்டுகளின் தொடர் 2–2 எனச் சமனில் முடிந்தது. மாவோரி ஆட்டக்காரர்களை இனத்தின் பேரில் விலக்கியதும், துணைத் தலைவர் மார்க் நிக்கல்ஸை ஓரங்கட்டியதும் இன்றுவரை பேசப்படுகின்றன.

விலக்கலுக்கு முன்னுதாரணம் உண்டு. 1919இல் தாயகம் திரும்பும் வழியில் தென்னாப்பிரிக்காவில் ஆடிய நியூசிலாந்துப் படையணியில், மேற்கிந்திய வம்சாவளியினரான ‘ரஞ்சி’ வில்சனுக்கு இடம் மறுக்கப்பட்டது.

1928இல் விடுபட்டவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் நெபியா. 1924–25இல், பத்தொன்பது வயதில் புறப்பட்ட அந்த ஃபுல்பேக், பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் நடந்த 30 ஆட்டங்களிலும் ஆடினார். அணி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அதே அணியின் ஜிம்மி மில்லும் விடப்பட்டார். காயமோ ஆட்டத் தளர்ச்சியோ காரணமன்று; இருவரும் மாவோரிகள்.

நிக்கல்ஸின் கதை வேறு. முதல் மூன்று டெஸ்டுகளிலும் அவர் சேர்க்கப்படவில்லை. டர்பனில் நடந்த முதல் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவின் பென்னி ஆஸ்லரின் உதை தனியாகவே 14 புள்ளிகளைத் தர, நியூசிலாந்து 0–17 எனத் தோற்றது. ஸ்க்ரம்மில் எழுவரை மட்டும் நிறுத்தும் அதன் பழைய வழக்கம், எண்மர் திரண்டு தள்ளிய தென்னாப்பிரிக்கர்முன் திணறியது. ஆஸ்லருக்கு ஈடான உதையாளர் அணியிலேயே இருந்தும் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். தலைவருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பர் சிலர். தேர்வாளர்களின் ஆட்டக் கணிப்பே காரணம் என்பாரும் உளர். செப்டம்பர் 1 அன்று கேப் டவுன் நியூலாண்ட்ஸ் திடலில் நான்காம் டெஸ்ட். மழையில் ஊறிய சேற்றுக் களம், கனத்த பந்து. அன்று இடம் பெற்ற நிக்கல்ஸ் இரண்டு பெனால்டிகளும் ஒரு டிராப் கோலும் உதைத்தார்: 13–5 வெற்றியில் 10 புள்ளிகள் அவருடையவை. முன்னரே இறக்கியிருந்தால் தொடர் வசப்பட்டிருக்கும் என்ற வாதம் அன்று வலுப்பெற்றது. அதை ஒதுக்கிவிடுவது கடினம்.

மாவோரிகளின் விலக்கல் 1949, 1960 தென்னாப்பிரிக்கப் பயணங்களிலும் தொடர்ந்தது. 1960இல் ‘மாவோரி இல்லையேல் பயணம் இல்லை’ என்ற முழக்கத்துடன் 1,50,000க்கும் மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டனர், பயணம் நிற்கவில்லை. 1970இல் சிட் கோயிங் உள்ளிட்டோர் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற இழிவான தகுதியில் அனுமதிக்கப்பட்டனர்.

நெபியா 1986இல் காலமானார். 2010 மே மாதம் இரு நாட்டு ரக்பி சங்கங்களும் மாவோரி ஆட்டக்காரர்களிடம் மன்னிப்புக் கோரின.