வாசலை அடைத்துவிட்டு விருந்து!

திருச்செந்தூருக்குக் கொஞ்சம் தெற்கே, கடலை ஒட்டி ஆலந்தலை என்றொரு மீனவர் கிராமம். அங்கே திருவிழாவுக்கு ஒரு பந்தயம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போயாச்சு. கோப்பையும் வாங்கியாச்சு. கடைசி நேரத்தில், 'அந்த ஊர்க்காரன் மட்டும் வரக் கூடாது' என்றால்? பந்தயமா நடக்கும்? பஞ்சாயத்துதான் நடக்கும்!

1962-ல் உலக அளவில் இதே கூத்து நடந்தது. அதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நாடுகளில்.

முதல் நாடு பிலிப்பைன்ஸ். நமக்கு கிரிக்கெட் மாதிரி அவர்களுக்குக் கூடைப்பந்து. 1954 உலகப் போட்டியில் மூன்றாமிடம் பிடித்தவர்கள். அடுத்து நடக்கவிருந்த உலகக் கூடைப்பந்துப் போட்டியை மணிலாவில் நடத்தும் வாய்ப்பும் கிடைத்தது. ஆனால், யூகோஸ்லாவியா கம்யூனிஸ்ட் நாடாயிற்றே... விசா கிடையாது என்றது மக்காபகல் அரசு. 'அப்படியா? உங்களுக்குப் போட்டியும் கிடையாது' என்று பிடுங்கி, பிரேசிலிடம் கொடுத்துவிட்டது சர்வதேச சம்மேளனம். 1963-ல் அங்கே நடந்த போட்டியில் இரண்டாமிடம் யாருக்குத் தெரியுமா? அதே யூகோஸ்லாவியாவுக்கு!

இரண்டாவது நாடு இந்தோனேஷியா. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா தரவில்லை. இந்தியாவின் ஜி.டி.சோந்தி பொங்கி எழுந்தார். எல்லோரையும் சேர்க்காத போட்டிக்கு 'ஆசிய விளையாட்டு' என்ற பெயர் எதற்கு என்பது அவர் கட்சி. விளைவு, இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. அந்தக் கூச்சலுக்கு நடுவேதான் நம் கால்பந்து அணி தங்கம் வென்றது என்பது தனிக்கதை. மறுவருடம் ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேஷியாவை சஸ்பெண்ட் செய்தது.

காலம் ஓடியது. 2019 உலகக் கூடைப்பந்துக்காக சீனாவும் பிலிப்பைன்ஸும் மோதின. 2015-ல் நடந்த வாக்கெடுப்பில் சீனாவுக்கு 14, பிலிப்பைன்ஸுக்கு 7. மணிலா சோர்ந்துவிடவில்லை. ஜப்பானையும், அந்தப் பழைய இந்தோனேஷியாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 2023 போட்டியைக் கைப்பற்றியது. மணிலாவுக்கு அருகே முதல் நாள் திரண்ட கூட்டம் 38,115 பேர். உலகக் கோப்பைக் கூடைப்பந்தில் அது சாதனை!

ஆனால் பழைய வியாதி போய்விட்டதா? ம்ஹும். அதே 2023 மார்ச்சில், இஸ்ரேல் அணி வருவதற்கு எழுந்த எதிர்ப்பு காரணமாக, 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கால்பந்து இந்தோனேஷியாவின் கையைவிட்டுப் போனது.

'அவங்க கதை நமக்கெதுக்கு?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 2019 பிப்ரவரி. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு டெல்லியில் துப்பாக்கிச் சுடுதல் உலகக் கோப்பை. பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா கிடைக்கவில்லை. நம் கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒலிம்பிக் கமிட்டி, இந்தியாவில் போட்டிகள் நடத்துவது பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டது. 'தகுதி பெற்ற எல்லோரையும் அனுமதிப்போம்' என்று அரசு எழுத்தில் உறுதி கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. சோந்தி ஜகார்த்தாவில் அடுத்தவருக்குச் சொன்ன நியாயம், 57 வருடம் கழித்து நம் வாசலுக்கே வந்து நின்றது.

இப்போது 2036 ஒலிம்பிக்கைக் கேட்டு நாம் கை தூக்கியிருக்கிறோம். ஸ்டேடியம் கட்டிவிடலாம். ஹோட்டல் கட்டிவிடலாம். பிடிக்காத விருந்தாளிக்கும் இலை போடும் மனசைத்தான் முதலில் தயார் செய்யவேண்டும்!