புகைப்பவர் இரத்தமும் புகைக்காதவர் இரத்தமும்

இருபத்தைந்து வயது இளைஞர்கள் இருவர். எடை, உணவு, உழைப்பு மூன்றும் ஏறத்தாழ ஒன்று. ஒருவர் தினமும் சிகரெட் பிடிப்பவர். மற்றவர் தொட்டதே இல்லை. இருவரின் மொத்தக் கொலஸ்ட்ராலையும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. 54 ஆய்வுகளைத் தொகுத்து 1989-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கணிப்பில், புகைப்பவர்களுக்கு அது சராசரியாக 3 சதவீதமே கூடுதல். புகைக்காதவருக்கு 180 மி.கி. என்றால் புகைப்பவருக்கு 185. ‘நார்மல்’ என்று இருவருமே நிம்மதியாக வீடு திரும்பலாம்.

அந்த நிம்மதி புகைப்பவருக்குப் பொருந்தாது. அதே கணிப்பில், நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். அவர்களுக்கு 5.7 சதவீதம் குறைவு, டிரைகிளிசரைடு 9.1 சதவீதம் அதிகம். சிகரெட் எண்ணிக்கை கூடக்கூட இடைவெளியும் கூடியது. நிகோடின் அட்ரினலினைச் சுரக்கவைக்கிறது. அதனால் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக மாற்றி அனுப்புகிறது. இரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து கொலஸ்ட்ராலை அகற்றிச் செல்லும் எச்.டி.எல். முதிர்வதற்குத் தேவையான நொதியையும் புகை மந்தமாக்குகிறது.

கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லில் வித்தியாசம் 1.7 சதவீதம்தான். ஆனால் அளவு ஒன்றானாலும் தன்மை ஒன்றல்ல. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் எல்.டி.எல்.லை ஆக்சிஜனேற்றம் அடையச் செய்கின்றன. அப்படி மாறியதை வெள்ளணுக்கள் விழுங்கிக் குழாய்ச் சுவரிலேயே தங்கிவிட, கொழுப்புப் படிவு தொடங்குகிறது. வழக்கமான பரிசோதனை இந்த மாற்றத்தைக் காட்டாது.

இது முதுமையில் வரும் தொல்லை அல்ல. அமெரிக்காவில் விபத்திலும் வன்முறையிலும் இறந்த 15 முதல் 34 வயது வரையிலான ஆண்களின் இரத்தக்குழாய்களை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டார்கள். புகைத்தவர்களின் வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியில் தடித்த படிவுகள் அதிகமாக இருந்தன.

புகைப்பதை நிறுத்தியவரின் நிலை வேறு. ஓராண்டு புகைக்காமல் இருந்தவர்களுக்கு எச்.டி.எல். சராசரியாக 2.4 மி.கி. உயர்ந்ததாக விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு 2011-இல் காட்டியது. அவர்களின் எடை கூடியிருந்தும் இந்த உயர்வு கிடைத்தது. எல்.டி.எல். அளவு மாறவில்லை. ஆகவே இளைஞர் ஒருவரின் அறிக்கையைப் படிக்கும்போது, மொத்த எண்ணுக்கு முன்னால் எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடையும் பாருங்கள். அவர் புகைப்பவரா என்றும் கேளுங்கள். புகைப்பவர் என்றால், எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.