நேர்முகத் தேர்வு (தகவல் தொழில்நுட்பத் துறை)

தகவல் தொழில்நுட்பத் துறை நேர்முகத் தேர்வு என்பது, மென்பொருள் நிறுவனங்கள் பணியாளரைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு விண்ணப்பதாரருடன் நேரிலோ இணையவழியிலோ நடத்தும் உரையாடல் ஆகும். இது நேர்காணல் எனவும், பேச்சு வழக்கில் இண்டர்வியூ எனவும் அழைக்கப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அமைந்துள்ள சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசசு, காக்னிசன்ட் முதலிய நிறுவனங்களின் வளாகங்கள் உள்ளன. தமிழகப் பொறியியல் பட்டதாரிகள் பலர் தம் முதல் பணியில் சேரும் இடங்களுள் இதுவும் ஒன்று.

படிநிலைகள்

புதிய பட்டதாரிகளுக்கான தேர்வு பொதுவாக மூன்று படிகளைக் கொண்டது. அவை, திறனறி எழுத்துத் தேர்வு, தொழில்நுட்ப நேர்காணல், மனிதவள நேர்காணல் என்பன. கல்லூரிக்கே நிறுவனத்தார் வந்து நடத்துவது வளாக நேர்காணல் எனப்படும். 2020 ஆம் ஆண்டின் கோவிட்-19 பரவலுக்குப் பின் இணையவழி நேர்காணல் பரவலாயிற்று.

மதிப்பீட்டின் நம்பகத்தன்மை

நேர்காணுநரின் மனப்பதிவு எப்போதும் சரியாக அமைவதில்லை. சிமிட், அன்டர் ஆகியோர் 1998 இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், அனைவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் கட்டமைந்த நேர்காணலுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.51 எனவும், கட்டமைப்பற்ற நேர்காணலுக்கு 0.38 எனவும் மதிப்பிடப்பட்டது. சாக்கெட் குழுவினரின் 2022 ஆம் ஆண்டு மறு ஆய்வு இவற்றை முறையே 0.42, 0.19 எனக் குறைத்தது. இந்திய நடுவண் அரசு 2016 சனவரி 1 முதல் அரசிதழ்ப் பதிவற்ற கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலை நீக்கியது. பாரபட்சத்தையும் ஊழலையும் குறைப்பது இதன் நோக்கமாகும்.

எனவே ஒருவர் தேர்வு பெறாமை அவரது திறனின்மைக்குச் சான்றாகாது. எனினும் நேர்காணுநரின் மதிப்பீட்டில் விண்ணப்பதாரர் தம் முயற்சியால் மாற்றக்கூடிய பகுதிகள் உள்ளன.

திட்டப்பணி குறித்த வினாக்கள்

புதியவர்க்குப் பணி அனுபவம் இல்லாமையால், இறுதியாண்டுத் திட்டப்பணியே தொழில்நுட்ப நேர்காணலின் முதன்மைப் பொருளாக அமைவதுண்டு. விலை கொடுத்து வாங்கிய திட்டப்பணி இவ்விடத்தில் எளிதில் வெளிப்பட்டுவிடும். எடுத்துக்காட்டாக, நூலக மேலாண்மை மென்பொருள் செய்ததாகக் கூறுபவரிடம், "எஞ்சியுள்ள ஒரே படியை இருவர் ஒரே நொடியில் முன்பதிவு செய்தால் என்ன நிகழும்?" எனக் கேட்கலாம். தாமே நிரல் எழுதியவர், தரவுத்தளப் பூட்டு முறையை விளக்குவார். அல்லது அதைத் தாம் கையாளவில்லை என ஒப்புக்கொண்டு, எவ்வாறு திருத்தலாம் எனக் கூறுவார். இரண்டுமே நன்மதிப்பைத் தரும். மனப்பாடம் செய்தவரால் இரண்டையும் கூற இயலாது.

தன்விவரக் குறிப்பில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் வினாவுக்கு உரியது. பத்து நிரல் மொழிகளைப் பட்டியலிடுவதினும், நன்கு அறிந்த இரண்டை எழுதுவது நலம்.

மொழி

தமிழ்வழியில் பயின்றோர் ஆங்கிலத் தயக்கத்தால் பின்தங்க நேரிடுகிறது. ஒலிப்பு அழகைவிடத் தெளிவே இங்குப் பயன் தரும். சிறு வாக்கியங்களில் பேசுதல், வினா விளங்காவிடில் மீண்டும் கேட்டல், தாளில் வரைந்து விளக்குதல் ஆகியவை உதவும். தமக்குத் தெரிந்ததை நண்பர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் உரக்க விளக்கிப் பழகுவது சிறந்த பயிற்சியாகும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுத்திறன், நேர்காணல் பயிற்சி ஆகியனவும் அடங்கும்.

உடையும் வருகையும்

தூய, எளிய உடை போதுமானது. சிறுசேரிக்குத் தாம்பரம் பகுதியிலிருந்து வருவோர் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையைப் பயன்படுத்தலாம். அலுவலக நேர நெரிசல், வாயிலில் அடையாள அட்டைச் சோதனை, பெரிய வளாகங்களுக்குள் நடக்கும் தொலைவு ஆகியவற்றுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

போலி அழைப்புகள்

நிறுவனங்களின் பெயரால் போலி அழைப்பு அனுப்பி, வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம் எனப் பணம் பறிக்கும் மோசடிகள் உள்ளன. வேலை தருவதற்குத் தாம் கட்டணம் பெறுவதில்லை எனப் பெரிய நிறுவனங்கள் அறிவித்துள்ளன. பணம் கேட்கும் அழைப்பை ஏற்கும் முன், நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் அதனைச் சரிபார்த்தல் வேண்டும்.