ஏடு பெயர்த்த இயங்குதளம்

கீழ்புத்துப்பட்டில் ரயில் நிலையம் கிடையாது. மரக்காணத்து உப்பளங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கிடக்கும் இவ்வூரில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோவில் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் உண்டு. தண்டவாளத்தைக் காண வேண்டுமெனில் மேற்கே திண்டிவனத்துக்கோ தெற்கே புதுச்சேரிக்கோ போயாக வேண்டும். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. பாணர் நடந்தும் உமணர் வண்டி பூட்டியும் கடந்த நிலம். இங்கிருந்து ஒருவர் தில்லிக்குப் படுக்கை வசதி வேண்டித் திண்டிவனத்தின் முன்பதிவுச் சாளரத்தில் ஒரு படிவத்தை நீட்டினால், அந்த வேண்டுகோளைக் கடந்த பல பத்தாண்டுகளாகக் கேட்டுப் பதில் சொல்லி வந்தது எது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது 1977இல் அறிவிக்கப்பட்ட ஓர் இயங்குதளம். படங்களும் சுட்டியும் இல்லாத, டாலர் குறியொன்றைக் காட்டிவிட்டுக் கட்டளைக்குக் காத்திருக்கும் பழைய மரபைச் சேர்ந்தது. பெயர் வி.எம்.எஸ்.

கணினிக்கு முந்தைய முன்பதிவை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தடித்த பதிவேடுகள். எழுத்தர் பக்கம் புரட்டிப் பெயர் எழுதுவார். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமானால் தந்தி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற அரசு நிறுவனமான சி.எம்.சி.தான், 1980களின் நடுவில் தில்லியில் இம்ப்ரெஸ் என்னும் முன்பதிவு மென்பொருளை நிறுவியது. அது ஓடியது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில். வாக்ஸுக்கென்றே செய்யப்பட்ட இயங்குதளம் வி.எம்.எஸ். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சென்னை, மும்பை, கல்கத்தா, செகந்திராபாத் மையங்களும் இவ்வகைக் கணினிகளைப் பெற்றன.

வி.எம்.எஸ்.ஸை வடிவமைத்தவர்களில் டேவ் கட்லர், டிக் ஹஸ்ட்வெட், பீட்டர் லிப்மன் மூவரும் முதன்மையானவர்கள். (கட்லர் 1988இல் மைக்ரோசாஃப்ட் சென்று விண்டோஸ் என்.டி.யை உருவாக்கினார், நம் மேசைக் கணினிகளுக்கும் இந்தக் கிழவருக்கும் உறவுண்டு.) இதன் பண்புகள் சில இலக்கிய வாசகருக்கும் பிடிக்கக் கூடியவை. ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழையது அழிவதில்லை. பெயருக்குப் பின்னால் அரைப்புள்ளியிட்டு எண் ஒன்று கூடும், அவ்வளவே. பாட பேதங்கள் அனைத்தையும் வைத்துக்கொள்ளும் பதிப்பாசிரியரின் குணம். இன்னொன்று காலக்கணக்கு. வி.எம்.எஸ்.ஸின் கடிகாரம் 1858 நவம்பர் 17இலிருந்து எண்ணத் தொடங்குகிறது. செயற்கைக் கோள்களைத் தொடர ஸ்மித்சோனியன் வானாய்வகம் 1957இல் கைக்கொண்ட நாட்கணக்கு அது. விக்டோரியாவின் பிரகடனம் இந்தியாவில் வாசிக்கப்பட்ட பதினாறாம் நாள் என்று நாம் நினைவு வைத்துக்கொள்ளலாம். இராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856 ஜூலை 1. ஆக, தென்னாட்டின் முதல் ரயில் பயணம் இந்த இயங்குதளத்தின் கணக்கில் காலம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது!

வாக்ஸ் மூப்படைந்தது. புதிதாக வந்த ஆல்ஃபா செயலி முற்றிலும் வேறு இனம்; 64 பிட் அகலம், எளிய ஆணைத்தொகுதி. வி.எம்.எஸ்.ஸின் பெரும்பகுதியோ வாக்ஸின் சொந்த மொழியான மேக்ரோவிலும் பிளிஸ் என்னும் மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. வன்பொருளோடு பிணைந்த மொழியில் எழுதியதை வேறு வன்பொருளில் ஓட்டுவது எங்ஙனம்? இங்கேதான் அப்பொறியாளர்களின் துணிவு. அனைத்தையும் திரும்ப எழுதவில்லை அவர்கள். வாக்ஸின் இயந்திர நிலை மொழியையே ஓர் உயர்நிலை மொழிபோல் பாவித்து, அதை ஆல்ஃபாவின் ஆணைகளாக மாற்றித் தரும் மொழிமாற்றி ஒன்றை எழுதினார்கள். மூல நிரல் கையில் இல்லாத பழைய செயலிகளுக்கு அவற்றின் இருமக் குறிகளையே பெயர்த்துத் தரும் கருவியும் வந்தது. வாக்ஸில் நினைவகத்தின் ஒரு பக்கம் 512 பைட், ஆல்ஃபாவில் 8192. பழைய நிரல்கள் குழம்பக் கூடாதென்று, 512ஐயே ஒரு ‘குறும்பக்கம்’ எனக் கொண்டு கணக்கைத் தொடர்ந்தார்கள். 1992 நவம்பரில் ஆல்ஃபாவுக்கான முதல் பதிப்பு வெளிவந்தது. வாக்ஸும் ஆல்ஃபாவும் ஒரே கொத்தில் கைகோத்து இயங்கலாம் என்பதால், கடையை மூடாமலே பழையதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதை வைக்க முடிந்தது.

ஓலைச்சுவடி மரபில் இதற்குப் பெயர் ஏடு பெயர்த்தெழுதுதல். நூல் பிழைத்தது ஓலையின் உறுதியால் அன்று. ஓலை செல்லரிக்கும் முன் அடுத்த ஓலைக்கு அதை மாற்றிய கைகளால்.

இதற்குப் பின் நடந்தது வணிகக் கதை, விரைந்து கடப்போம். 1998இல் டிஜிட்டலை காம்பேக் வாங்கியது. 2002இல் காம்பேக் எச்.பி.யோடு இணைந்தது. ஆல்ஃபா கைவிடப்பட்டு இன்டெலின் இட்டானியத்துக்கு வி.எம்.எஸ். பெயர்ந்தது 2005இல். இட்டானியமும் சந்தையில் தோற்றது. 2013இல் எச்.பி. இதன் எதிர்காலத்தைக் கைகழுவ, மறு ஆண்டு வி.எம்.எஸ். சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் பொறுப்பேற்றது. இப்போது போக வேண்டிய இடம் சாதாரண எக்ஸ்86 செயலி. வி.எம்.எஸ்.ஸுக்கு அதிகார நிலைகள் நான்கு. எக்ஸ்86இன் 64 பிட் நினைவகக் காவலோ இரண்டையே பிரித்தறியும். எஞ்சிய இரண்டையும் மென்பொருளாலேயே பாவனை செய்து தந்தார்கள். 2019 மே மாதம் முதன்முறையாக அது அங்கே கண்விழித்தது. 2022 ஜூலையில் பயன்பாட்டுக்குரிய 9.2 பதிப்பு வெளிவந்தது.

நம் ரயில்வேயும் இப்பாதையின் பெரும்பகுதியை உடன் நடந்து கடந்தது. ரயில்வேயின் கணினி அமைப்பான கிரிஸ், 1994இல் செகந்திராபாத்தில் கான்செர்ட் என்னும் மென்பொருளைத் தொடங்கிவைத்தது. 1999 ஏப்ரலுக்குள் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று பேசின. எங்கிருந்தும் எங்கும் முன்பதிவு என்பது சாத்தியமாயிற்று, தந்தி மறைந்தது. ஒவ்வொரு மையமும் தன் பகுதி வண்டிகளின் கணக்கைத் தானே வைத்திருக்கும். வேறு பகுதி வண்டியைப் பற்றிய வேண்டுகோளை உரிய மையத்துக்கு அனுப்பி, ஒரே படுக்கை இருவருக்குப் போய்விடாதபடி காப்பது இடைநிலை மென்பொருளின் வேலை. வாக்ஸிலிருந்து ஆல்ஃபா, ஆல்ஃபாவிலிருந்து இட்டானியம் என்று வந்தவர்கள் எக்ஸ்86க்கு முன்னால் நின்றுவிட்டார்கள். 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் முன்பதிவு அமைப்பையே புதிதாக்குவதாக அறிவித்தது: நிமிடத்துக்கு 32,000 சீட்டுகள் என்ற கொள்ளளவு ஒன்றரை லட்சத்துக்கு மேல் உயரும் என்றார்கள்.

தட்கல் தொடங்கும் காலை நேரத்தில் இணையத்தின் முன் அமர்ந்தவர் எவரும் இம்முடிவை மறுக்க மாட்டார். நாமும் மறுக்கவில்லை. எம் கவலை வேறு. ஃபோர்ட்ரானிலும் சி மொழியிலுமாகக் கான்செர்ட்டில் படிந்திருப்பது வெறும் நிரல் அன்று. பெண்களுக்கான ஒதுக்கீடு, இடைநிலையங்களின் ஒதுக்கீடு, அவசர ஒதுக்கீடு, காத்திருப்போர் வரிசை, ஒன்று இரத்தானால் எவர் மேலே ஏறுவார் என்ற முறை என நாற்பதாண்டு வழக்காறு அங்கே விதியாக உறைந்திருக்கிறது. பெயர்த்தெழுதும்போது விதி தானாகவே கூட வரும். புதிதாக எழுதும்போது ஒவ்வொன்றையும் எவராவது நினைவுகூர்ந்தாக வேண்டும். அவ்விதிகளை முழுமையாகத் தொகுத்து மக்கள் பார்வைக்கு வைப்பது, புதிய கணினிகளை வாங்குவதைவிட முந்தைய வேலை என்று நாம் கருதுகிறோம்.

ஆர்.ஏ.சி. என்று அச்சிட்ட சீட்டோடு பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையின் பாதியில் அமர்ந்து, நள்ளிரவில் எங்காவது ஓர் இடம் காலியாகாதா என்று பரிசோதகரின் பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கும் பயணிக்கு அடியில் ஓடுவது வாக்ஸா இட்டானியமா என்பது பொருட்டல்ல. தனக்கு முன்னால் எத்தனை பேர், அந்த வரிசையை வகுத்தது எந்த விதி என்பதே அவர் கேள்வி.