யோலாண்ட் பாவன்: மூன்றாவது குரல்

யோலாண்ட் பாவன், இலங்கையில் பிறந்த ஜாஸ் பாடகி, நாடக நடிகை. 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் புகழுடன் இயங்கிய 'லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் பாவன்' குழுவின் பெண்குரல் இவருடையது. ஜாஸ் வரலாற்று நூல்களில் இவருக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: அன்னி ராஸின் இடத்துக்கு வந்தவர்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து மூத்தவர்களுக்கு இலங்கை என்றால் முதலில் நினைவுக்கு வருவது வானொலி. 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சரானதும் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்ட, ரேடியோ முள் கொழும்புக்குத் திரும்பியது. அதே கொழும்பில் மேற்கத்திய இசைக்கும் ஒரு வட்டம் இருந்தது. தமிழ்ப் பாட்டுக்காகக் காத்திருந்த காதுகள் அந்தப் பக்கம் போகவில்லை. பாவன் அந்த இன்னொரு இலங்கையின் பிள்ளை.

இளம் வயதிலேயே ஆஸ்திரேலியரான கிரேம் பெல்லின் ஜாஸ் குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். பிறகு லண்டன். அங்கே பாட்டும் நடிப்பும் சேர்ந்தே நடந்தன. பாடகி பில்லி ஹாலிடேயின் தோழியாகவும் இருந்தார்.

டேவ் லாம்பர்ட், ஜான் ஹென்ட்ரிக்ஸ், அன்னி ராஸ் மூவரும் 1957இல் சேர்ந்து புகழ்பெறச் செய்த பாணிக்கு வோக்கலீஸ் என்று பெயர். இசைத்தட்டில் பதிவான சாக்ஸபோன், டிரம்பெட் தனி வாசிப்பை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு சுரத்துக்கும் சொல் வைத்து, அதே வேகத்தில் பாட வேண்டும். ஒரு நாகஸ்வர வித்வான் வாசித்த ஆலாபனையை அப்படியே, ஒரு பிர்கா பிசகாமல், வார்த்தை போட்டுப் பாடச் சொன்னால் எப்படியிருக்கும்? அந்தச் சிரமம்தான் இது. மூச்சு விடவும் இடம் கிடைக்காது. கவுன்ட் பேசி என்பவரின் ஜாஸ் குழு இசையை அவர்கள் இப்படிப் பாடிய முதல் இசைத்தட்டுக்கு வாடகைப் பாடகர்களை அமர்த்திப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் மூன்றே குரல்களை அடுக்கடுக்காகப் பதிந்து முடித்தார்கள்.

1962இல் அக்குழு கிராமி விருதும் பெற்றது. அந்த ஆண்டிலேயே, உடல்நலக் குறைவும் போதைப் பழக்கமும் சேர்ந்து வாட்ட, ராஸ் விலகினார். பெயரும் விருதும் உச்சத்தில் இருந்த குழுவின் பாட்டுகளை அவசரமாகக் கற்று, கூட்டத்தின் முன் நின்று பாடும் வேலை பாவனுக்கு வந்தது. சேலை கட்டி மேடையேறினார். ராஸ் ஸ்டூடியோவில் பொறுமையாகச் செதுக்கியவற்றைத் திருத்த வாய்ப்பில்லாத மேடையில் பாடிக்காட்டியது சின்ன விஷயமா?

ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்ட மூன்று இசைத்தட்டுகளும் மேடைப் பதிவுகளே: பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட், நியூபோர்ட் '63, வில்லேஜ் கேட். இவற்றில் நியூபோர்ட் பதிவில் டெனர் சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸும், டிரம்பெட் கலைஞர் கிளார்க் டெர்ரியும் துணைக்கு இருக்கிறார்கள். ஹெர்பி ஹான்காக்கின் 'வாட்டர்மெலன் மேன்' மெட்டுக்கு ஹென்ட்ரிக்ஸ் எழுதிய வரிகளும் இதில்தான் உண்டு.

குழு 1964இல் கலைந்தது. இரண்டே ஆண்டில் லாம்பர்ட் சாலை விபத்தில் இறந்துவிட, மீண்டும் கூடும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

பாவன் ஓயவில்லை. 1969இல் 'சால்வேஷன்' ராக் இசை நாடகத்தில் நடித்தார். அதே ஆண்டில் பீட்டர் ஐவர்ஸின் சோதனை முயற்சியான இசைத்தட்டில் பாடினார். 1972இல் ஜோ சாவினுல், வேய்ன் ஷார்ட்டர் நடத்திய வெதர் ரிப்போர்ட் குழுவின் 'ஐ சிங் தி பாடி எலெக்ட்ரிக்' தொகுப்பிலும் இவர் குரல் கேட்கிறது. பழைய வேகச் சொற்கட்டு, ராக் நாடகம், புதுவகை மின் ஜாஸ் ஆகிய மூன்றிலும் புழங்கிய தெற்காசியப் பெண் அந்தத் தலைமுறையில் வேறு யார்?

'பதிலாக வந்தவர்' என்ற முத்திரை ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. குழுவின் புகழ் ராஸ் காலத்து ஸ்டூடியோ இசைத்தட்டுகளில் உறைந்துவிட்டது. விமர்சகர்கள் மேடைப் பதிவுகளை இரண்டாம் தரமாகவே எடைபோட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. தமிழில் ஜாஸ் பற்றி எழுதுவோரும் இவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புதிதாகக் கேட்பவர் நியூபோர்ட் '63இலிருந்து தொடங்கலாம். 'வாட்டர்மெலன் மேன்' பாட்டை முதல் தடவை ஹாக்கின்ஸுக்காகவும், இரண்டாம் தடவை பாவனுக்காகவும் கேளுங்கள்.